தைலம் அனுப்பவில்லை

குன்னூர்,
ஞாயிறு மாலை

பாப்பாவுக்கு,

பார்சலில் வர்க்கியும் மலைப்பூண்டு ஊறுகாயும் இருக்கின்றன. நீ கேட்ட விண்டர்கிரீன் தைலத்தை மட்டும் வைக்கவில்லை. வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, அப்புறம் எடுத்துவிட்டேன். கோபப்படாதே.

நம் வீட்டில் இடுப்பு வலி, கால் வலி எல்லாவற்றுக்கும் அதுதானே. அப்பா முட்டிக்குத் தேய்த்தால் தெருவே மணக்கும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா சொன்னார். ஆஸ்பிரினுக்குப் பங்காளியாம். தோல் வழியாகவே ரத்தத்தில் சேரும். நீயோ 28 வாரக் கர்ப்பிணி. வலி பாம் டப்பாவிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார். இடுப்புக்கு மிதமான சூட்டில் வெந்நீர்ப் பை வை, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடு.

சளி விஷயத்துக்கு வருகிறேன். "அவர் மெடிக்கலில் ஏதோ மாத்திரை வாங்கிட்டு வந்தார்மா" என்றாய். அந்த "ஏதோ"தான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் அண்ணன் வயிற்றில் இருந்தபோது ஒரு ஆடி மழையில் எனக்குத் தலைவலி. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை கொடுத்தார். பெயர் இருந்த பக்கம் அவரிடமே நின்றுவிட்டது; என் கைக்கு வந்தது வெறும் வெள்ளித் தாள். அடுத்த வாரம் டாக்டரம்மா என்ன போட்டாய் என்று கேட்க, "வெள்ளை மாத்திரை" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அதனால் முழு அட்டையாக வாங்கச் சொல், பின்பக்கத்தை வாசி. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் என்று வலி மருந்துகளின் பெயர் இருந்தால் தொடாதே. 20 வாரத்துக்கு மேல் இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் எச்சரித்தது. கடைசி மாதங்களில், பிறந்த பிறகு மூட வேண்டிய இதயப் பக்கத்து ரத்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடவும் கூடும். காம்பிஃபிளாமைச் சும்மா காய்ச்சல் மாத்திரை என்று நினைக்கிறார்கள். அதில் பாரசிட்டமாலோடு இபுபுரூஃபனும் இருக்கிறது. ஆனால் பிரஷருக்காக உன் டாக்டர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்தாதே. அது வேறு கணக்கு.

சளி மாத்திரை ஒன்றுக்குள் மூன்று நான்கு மருந்து இருக்கும். மூக்கடைப்புக்குப் போடும் ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கும், உன் பிரஷருக்கு ஆகாது. கூடவே பாரசிட்டமாலும் இருக்கும். அதற்கு மேல் நீ தனியாக ஒரு டோலோ போட்டால் இரட்டை அளவாகிவிடும்.

அதற்காகக் காய்ச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவும் வேண்டாம். பாரசிட்டமால் போட்டால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் உன் சித்தி அனுப்பினாளே, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. டோலோ 650 ஒன்று போடு. அடுத்தது தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து. காய்ச்சல் 100.4 தாண்டினாலோ, மறுநாளும் மாத்திரை கேட்டாலோ டாக்டருக்கு போன் செய்.

நீலகிரித் தைலம் சின்ன பாட்டில் வைத்திருக்கிறேன். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு மோந்தால் போதும். சர்க்கரையில் விட்டு விழுங்குவது உன் பாட்டியின் வைத்தியம், உள்ளே போனால் அது விஷம். மூக்குக்கு உப்புநீர் சொட்டு மருந்து போதும்.

இதையெல்லாம் போனிலும் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டாய். மாப்பிள்ளை வாங்கிய அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு நாளாகிறது. இன்னும் வரவில்லை.

அம்மா