மாதம் 200 ரூபாய் அனுப்பியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தின் 2024-25 கணக்கு தணிக்கை முடிந்துவிட்டது. படிப்பகம் கடனில்லாமல் நிற்பதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, மாதாமாதம் 200 ரூபாய் அனுப்புகிறவர்களுக்கு. பெருந்தொகைகள் வரிக்கழிவை ஒட்டி மார்ச்சில் வந்து குவியும். ஜூனில் வரத்து வற்றிவிடும். நோட்டு, புத்தகச் செலவு ஏறுவதும் அதே ஜூனில்தான். நூறு பேர் தலா 200 தந்தால் 20,000. வாடகையும் மின்கட்டணமும் அதில் அடங்கிவிடும்.

‘பொதுச் செலவுக்கு’ என்று எழுதித் தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கணினிக்கென்று வந்த பணத்தை ஆசிரியர் ஊதியத்துக்குத் தொடக் கூடாது. வங்கியில் இருப்பு இருக்கும், சம்பள நாளில் கை வெறுமையாக இருக்கும். சிறு அமைப்புகள் பலவும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மூலதன நிதிக்கு, அதாவது அசலைச் செலவழிக்காமல் வைக்கும் நிதிக்குத் தந்தவர்கள், ‘மூலதனத்துக்கு’ என்று எழுதிய கடிதத்தையும் மறக்காமல் இணைத்திருந்தீர்கள். அந்தக் கடிதம் இல்லையென்றால் அத்தொகை அவ்வாண்டு வருமானமாகிவிடும். வரிவிலக்கு வேண்டுமானால், பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். மீதி 15 சதவீதத்தில்தான் சேமிப்பு. ஆண்டு வரவு 4,80,000 என்றால் அது 72,000. மாதச் செலவு 34,000 என்று வைத்தால், மூன்று மாதக் கையிருப்பு சேர ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடிக்கும். உங்கள் கடிதங்களால்தான் வைப்புநிதி தொடங்க முடிந்தது.

சனிக்கிழமைதோறும் வவுச்சர் (செலவுச் சீட்டு) எழுதி, வங்கிப் பதிவோடு ரசீதை ஒத்துப்பார்த்த தம்பி தங்கைகளே, உங்கள் உழைப்பு வெளியே தெரியாது. யூபிஐ-யில் வரும் பணத்துக்குச் சில நேரம் வெறும் குறிப்பு எண்தான் இருக்கும். பெயரும் முகவரியும் பதிவாகாத நன்கொடை, எங்களைப் போன்ற அமைப்புக்கு ஆண்டில் 1 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. நன்கொடையாளர் பட்டியல் (2024-25-க்குப் படிவம் 10பிடி) வருமான வரித்துறைக்கு மே 31-க்குள் போகாவிட்டால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நன்கொடையாளருக்கு 80ஜி சலுகைக்கான, அதாவது நன்கொடைக்குரிய வரிக்கழிவுக்கான சான்றிதழும் தர முடியாது. பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் சலுகை உரியவருக்குச் சேராது. ஒவ்வொன்றையும் தொலைபேசியில் கேட்டுத் திருத்தினீர்கள். பணம் அனுப்பிய கையோடு இவ்விவரங்களையும் அனுப்பியவர்கள் அந்த வேலையில் பாதியைக் குறைத்தீர்கள்.

ரொக்கமாகத் தருவோருக்கு ஒரு வார்த்தை: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு வரிக்கழிவு கிடையாது, காசோலையாகவே தாருங்கள்.

தணிக்கையான கணக்கு படிப்பக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வவுச்சர் கோப்புகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
அறங்காவலர்கள்