வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ‘நகரம்’ என்று நாங்கள் எழுதியது பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி செக்காலைப் பக்கத்துப் பழைய கிடங்கில் நாங்கள் நடத்தும் திகில் விளையாட்டுக்கு ஒருமுறையாவது வந்தவர்களுக்கு எழுதுகிறேன். ஒரு வாரம் முன்பே வந்து சேர்ந்த உறையைப் பிரித்து உங்கள் பாத்திரம் யார் என்று படித்தது, கைப்பேசியைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தது, மூன்று மணி நேரம் வேறொருவராக இருந்துவிட்டு வெளியே வந்து சுக்குக்காப்பி குடித்தது எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே கால் வைக்காதவர்கள் பேசுவதுதான் இப்போது ஊரெங்கும் கேட்கிறது. அதனால் இந்த மடல்.

‘நகரத்தாரைப் பேய் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள்’ என்று இரண்டு வாரங்களாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதோடு இரண்டு படங்கள். ஒன்று எங்கள் வாசலில் இருந்த பேனர். இன்னொன்று யாருடைய வீட்டு முகப்போ. அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பேனரில் ‘நகரத்துப் பேய் காத்திருக்கிறது’ என்று எழுதியவன் நான்தான். பட்டணத்துப் பேய் என்ற பொருளில் எழுதினேன். ஆனால் செட்டிநாட்டில் நகரம் என்றால் பட்டணம் மட்டுமா? ஊருக்கு ஊர் நகரச் சிவன் கோயில் இருக்கிறது. நகரத்தார் என்பது ஒரு சமூகத்தின் பெயர். சென்னையில் படித்தால் ஒரு பொருள், கோட்டையூரிலோ பள்ளத்தூரிலோ படித்தால் இன்னொரு பொருள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு எழுதும்போதே அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தத் தவறுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேனரை அன்றைக்கே இறக்கிவிட்டோம்.

இரண்டாவது படத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தாயார் இருபத்தெட்டு வருடம் ஒரு வளவு வீட்டில், அதாவது முற்றம் வைத்த நகரத்தார் பெரிய வீட்டில், சமையல் வேலை பார்த்தவர். அந்த வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் படுத்துக்கொண்டுதான் நான் வாய்ப்பாடு படித்தேன். இந்த விளையாட்டைத் தொடங்கிய நாளிலிருந்து வெளியூர்ச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டைப் பிடித்து அதற்குள் நடத்தக் கூடாதா? கூட்டம் அள்ளும்.’ நான்கு முறை வந்த வாய்ப்பை நான்கு முறையும் மறுத்திருக்கிறேன். பூட்டிய வீடு என்றால் ஆளற்ற வீடு என்று அர்த்தமாகிவிடுமா? பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். படைப்பு என்றால் அத்தனை பேரும் வந்து சேர்ந்து, முன்னோரை நினைத்து, அந்த வீட்டில்தான் சோறு படைப்பார்கள். கல்யாணமும் அங்கேதான். அப்படிப்பட்ட வீட்டைப் பேய் வீடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் செய்தியை அனுப்புகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கதையைப் பட்டணத்தில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பாத்திரமாகவே மாறி, நடந்து, பேசி ஆடும் இந்த வகை விளையாட்டை இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் வாளும் கவசமுமாக நடத்தினார்கள். 1990களில் அமெரிக்காவில் அது இன்றைய பெருநகரத்துக்கு வந்தது. அலுவலகமும் மதுக்கூடமும் உள்ள ஊரில், மனிதர்களோடு மனிதர்களாக இரத்தக் காட்டேரிகள் மறைந்து வாழ்வதாகக் கதை. மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டால் அந்தப் பாத்திரம் மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். சண்டை வந்தால் ஒருவரையொருவர் தொடாமல் கல், காகிதம், கத்தரிக்கோல் காட்டி முடிவு செய்வார்கள். இந்த இரண்டு விதிகளையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம். நம் தெருவில் புதிதாக ஒருவர் நடந்தால் ‘யார் வீட்டுக்கு?’ என்று நாலு வாசலிலிருந்து குரல் வரும். அடுத்த கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்றே தெரியாத பயம் மாடிக் குடியிருப்பில்தான் விளையும். அதனால்தான் எங்கள் கதையில் லிஃப்ட், இரவுக் காவலாளி, பதினோராவது மாடியில் யாரும் குடியில்லாத வீட்டில் எரியும் விளக்கு.

போன வாரம் ஓர் ஆச்சி நேரிலேயே வந்துவிட்டார். ‘எங்களைப் பேய் என்கிறாயாமே, தம்பி?’ என்றார். எனக்கு நா எழவில்லை. உள்ளே அழைத்துப் போய் எல்லாவற்றையும் காட்டினேன். பிளைவுட்டில் செய்த லிஃப்டுக்குள் நின்று பார்த்தார். ஸ்டார்ட்டரைத் தளர்த்தி வைத்த டியூப் லைட் விட்டுவிட்டு எரிவதை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்ட ஒரே கேள்வி: ‘பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவீர்களா?’ ‘பூட்டுவதில்லை, ஆச்சி’ என்று சொல்லி, பின்சுவரில் புதிதாகத் திறந்த வழியைக் காட்டினேன். தள்ளினால் திறக்கும் கதவு. அவரே ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டார். போகும்போது, ‘மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்த நகரம் என்ற சொல்லை எடுத்துவிடு’ என்றார். எடுத்துவிட்டோம். இனி விளையாட்டின் பெயர் ‘பதினோராவது மாடி’.

அந்தக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் ஊரில், பூட்டிய அறையிலிருந்து புதிர் விடுவித்து வெளியேறும் விளையாட்டின்போது தீப்பிடித்து, பதினைந்து வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2024 மே மாதம் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கில் பற்றிய தீயில் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. இருட்டிலும் பயத்திலும் ஆட்களை நடக்கவிடுவது எங்கள் தொழில். மெழுகுவத்தியை அன்றே நிறுத்தினோம். இப்போது எல்லாம் பேட்டரி விளக்குதான். சுவரை உடைத்து வழி திறந்ததும், தீயணைப்புக் கருவிகளும், கிடங்கு வாடகை ஏறியதும் சேர்ந்து கையைக் கடித்துவிட்டன. ஐப்பசி முதல் கட்டணம் ஒருவருக்கு 1,200 ரூபாய். முன்பணம் திருப்பித் தரப்படாது, வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று வருடமாகக் கதையை நடத்தி வந்த பெண் சென்னையில் நாடக வேலை கிடைத்துப் போயிருக்கிறார். இரவு மருத்துவராக வந்து உங்களை நடுங்க வைத்தவரும் அவர்தான். யாராவது உண்மையிலேயே பயந்துபோனால், ‘நிறுத்து’ என்ற சொல் வாயில் வருவதற்கு முன்பே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்தில் போய் மெல்ல விரலால் சைகை காட்டிச் சரியா என்று கேட்பார். பதில் தயங்கினால் வெளியே அழைத்து வந்து தண்ணீர் கொடுப்பார். அந்தக் கண்ணை ஒரு மாதத்தில் இன்னொருவருக்குப் பழக்கிவிட முடியாது. இரண்டு பேர் பழகி வருகிறார்கள். அதுவரை வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான், ஞாயிறு மாலை.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் போன ஞாயிறு பதினான்கு இடங்களும் நிரம்பின. தேவகோட்டையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பதி ஐந்தாவது முறையாக வந்தார்கள். உறவுக்காரர்கள் குழுவில் எங்களைத் திட்டிய செய்திக்குக் கீழே ‘நான் போயிருக்கிறேன், அப்படி எதுவும் இல்லை’ என்று எழுதியதாகச் சிலர் சொன்னீர்கள். உங்கள் சொந்தங்களுக்கு நடுவில் எங்களுக்காக நின்று பேசியிருக்கிறீர்கள். அதை நாங்கள் மறக்கமாட்டோம்.

பழைய பெயர் அச்சிட்ட உறைகள் சிலரிடம் இருக்கும். வரும்போது எடுத்து வாருங்கள், புதிய பெயரை ஒட்டித் தருகிறோம்.

நன்றியுடன்,
உரிமையாளரும் குழுவினரும்
காரைக்குடி