மனநல ஓ.பி.யில் ஓர் இஞ்ச் டேப் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாப்பாட்டை மாற்றினாலே மனச்சோர்வும் மனச்சிதைவும் ஓடிவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மனநோய்க்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாலும் நோயாளிக்குத்தான் நஷ்டம். மனநோயாளியின் தட்டில் இருப்பது அவர் உயிரையே தொடும் காலம் ஒன்று உண்டு: மாத்திரை தொடங்கிய முதல் மூன்று மாதங்கள். அந்த மூன்று மாதத்தில் ஏறும் எடையைப் பல இடங்களில் யாரும் எழுதி வைப்பதில்லை.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஒலான்சபின், குளோசபின் இரண்டும் நல்ல மருந்துகள். வேறெதற்கும் அடங்காத நோயிலிருந்து பலரை மீட்டவை. ஆனால், மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகள் சிலவற்றை அவை அடைத்துவிடுவதால் 'போதும்' என்ற உணர்வு வயிற்றுக்கு வருவதே இல்லை. அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான 'கேட்டி' ஆய்வில், ஒலான்சபின் எடுத்தவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 900 கிராம் கூடினார்கள். பத்தில் மூன்று பேருக்கு, தொடங்கிய எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியது. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் நடுத்தரம். அரிபிப்ரசோல், லுராசிடோன் குறைவு. சோடியம் வால்ப்ரோயேட்டும் மிர்டாசபினும் எடையைக் கூட்டும் பட்டியலில் உள்ளவைதான். வீட்டில் 'உடம்பு தேறிடுச்சு' என்று சந்தோஷப்படுகிறார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பட்டினி கிடந்த பிள்ளை சாப்பிடுகிறானே என்ற நிம்மதி அது. ஆனால் தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல் நோய்களுக்கே.

எதை, எப்போது அளக்க வேண்டும் என்பது 2004-லேயே அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து வகுத்தது. மருந்து தொடங்கும் நாளில் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு. பிறகு 4, 8, 12-வது வாரங்களில் எடை. 12-வது வாரத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மறுபடியும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இடுப்பளவை மட்டும் சரியாக எடுக்க வேண்டும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சேலை மடிப்புக்கோ வேட்டிக்கோ மேலே வைக்காமல், மூச்சை விட்ட நிலையில். வயிற்றை எக்கிக்கொண்டால் அளவு பொய். நம்மவர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். 60 கிலோவில் தொடங்கியவர் 63 கிலோ ஆனாலே, அதாவது 5 சதவீதம் ஏறினாலே, மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பத்து கிலோ ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு.

அப்போது செய்யக்கூடாத ஒன்று, மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது. மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவர் பார்ப்பார். முடியாவிட்டால் எடையைக் கட்டுப்படுத்த மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பார். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இதைக் கொடுப்பதுண்டு என்பதைக் குடும்பத்தார் அறிந்திருந்தால், 'சுகர் மாத்திரை எதற்கு?' என்று பயந்து ஒளித்து வைக்க மாட்டார்கள். 500 மி.கி.யில், சாப்பாட்டோடு தொடங்கி மெல்லக் கூட்டினால் அதனால் வரும் வயிற்றுப்போக்கு குறையும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். அந்தக் குறைபாடே சோர்வையும் மறதியையும் தரும் என்பதால், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்கள், ஆண்டுக்கொருமுறை அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சமையலறையில் முதலில் கை வைக்க வேண்டியது டீயில். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் வாயை வறட்டும்; அதனால் நாளுக்கு ஐந்து டீ, நடுவில் ஒரு கூல் டிரிங்க். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 முதல் 50 கிராம் சர்க்கரை; 250 மி.லி. கோலாவில் இன்னொரு 26 கிராம் அளவுக்கு. இதை நிறுத்தி, உப்பு குறைத்த மோரும் தண்ணீரும் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இருதுருவ மனநோய்க்கான லித்தியம் எடுப்பவருக்கு மட்டும் உப்பு விஷயம் வேறு, கீழே சொல்கிறோம். அடுத்தது இரவுப் பசி. ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பதினோரு மணி வரை டி.வி. பார்த்தால் பிஸ்கட் பாக்கெட் காலியாகும். எட்டு மணிக்குச் சாப்பாடு, பிறகு அரை மணி நேர நடை, மாத்திரை, உடனே படுக்கை என்று வைத்துக்கொண்டால் பசி தூக்கத்தில் கழிந்துவிடும். காலையில் மந்தமாக இருப்பவர்களுக்கு நடை சாயங்காலம்தான் ஒத்துவரும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியல், கீரை, சுண்டல், முட்டை என்று கூட்டினால் ரேஷன் அரிசி வீட்டிலும் நடக்கிற காரியம். லுராசிடோன் எடுப்பவருக்கு மட்டும் இரவுச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. குறைந்தது 350 கலோரி உணவோடு போட வேண்டிய மாத்திரை அது. வெறும் வயிற்றில் போட்டால் பாதியளவுதான் உடம்பில் சேரும். குளோசபின் எடுப்பவருக்கு மூன்று நாள் மலம் கழியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்தாகும் மலச்சிக்கல் அது.

இன்னொன்றைக் குடும்பத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளி திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வேகமாக மெலிந்தால் 'நோய் முத்திவிட்டது' என்று மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார்கள். இந்த மாத்திரைகளால் சர்க்கரை நோய் வந்திருக்கலாம்; முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். அதோடு வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

லித்தியத்துக்கு வருவோம். ரத்த அழுத்தம் என்று பயந்து திடீரென உப்பை நிறுத்தினால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வியர்த்தாலும், வயிற்றுப்போக்கானாலும், மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் போட்டாலும் அதே கதைதான். பொதுவாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய லித்தியம் அளவு 1.5-ஐத் தாண்டினால் கை உதறும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். உப்பும் தண்ணீரும் நாளுக்கு நாள் ஒரே அளவாக இருக்கட்டும்.

உணவையே சிகிச்சையாக்கும் ஆராய்ச்சியை நாங்கள் மதிக்கிறோம். ஆஸ்திரேலியாவில் 2017-ல் வெளியான 'ஸ்மைல்ஸ்' ஆய்வில் 67 மனச்சோர்வு நோயாளிகள்; 12 வாரம் காய்கறி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவைத் திருத்திய குழுவில் 32 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது, மற்ற குழுவில் 8 சதவீதம். அதில் பெரும்பாலானோர் வழக்கமான சிகிச்சையையும் தொடர்ந்தவர்கள். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு பற்றி ஸ்டான்போர்டில் 2024-ல் வெளியான ஆய்வில் 21 பேர், நான்கு மாதம், ஒப்பிட வேறு குழு இல்லை. அவர்களும் மருந்தோடுதான் இருந்தார்கள். நம்பிக்கை தரும் தொடக்கம்தான், மாத்திரையைத் தூக்கிப்போட அது போதாது. டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் வீடியோ பார்த்துக் கீட்டோவுக்கு மாறினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகி ஐ.சி.யூ.வில் போய்ச் சேரலாம்.

மனநலச் சட்டம் 2017, பிரிவு 21, எல்லா மருத்துவ வசதிகளிலும் மனநோயாளியை உடல் நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அந்தச் சமம் ஓ.பி. நோட்டில் தெரிய வேண்டும். ஒவ்வொரு மனநலப் புறநோயாளிப் பிரிவிலும் ஒரு எடை மெஷின், ஒரு இஞ்ச் டேப், நோட்டின் உள் அட்டையில் எடை, இடுப்பு, பிரஷர், சர்க்கரைக்கு நான்கு கட்டம். மாதாமாதம் மாத்திரை வாங்க வரும்போதே செவிலியர் எழுதிவிடலாம். மாத்திரை வாங்கக் குடும்பத்தார் மட்டும் வந்தால், வீட்டுக்குப் போகும் சுகாதாரப் பணியாளர் அளக்கட்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே பிரஷர், சுகர் மாத்திரையோடு வாசலுக்குப் போகிறது. தேசியத் தொற்றாநோய்ப் பரிசோதனையோ 30 வயதில்தான் தொடங்குகிறது. மனச்சிதைவு பெரும்பாலும் அதற்கு முன்பே, பதின்வயதின் முடிவிலும் இருபதுகளிலும் வருகிறது. மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வயது வரம்பை நீக்கி, முதல் மாத்திரை கொடுக்கும் நாளிலேயே அவர்கள் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி