என்ஜினுக்குள் விழுந்த ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

என் வண்டி என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய நேரத்தில் ஒரு சின்னப் பித்தளை ஸ்க்ரூ அந்தத் துளை வழியாக சிலிண்டருக்குள் விழுந்ததும், நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதை வெளியே எடுத்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியவருக்கு. "சாவியைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து, வேறு எதையும் பார்க்காமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தார். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும், சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் இடையே சில இடங்களில் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். ஒரு தடவை ஸ்டார்ட் செய்திருந்தாலும் அலுமினிய பிஸ்டன் குழிவிழுந்திருக்கும், காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் வால்வு வளைந்திருக்கும். என்ஜின் பிழைத்தது அந்த நிமிடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது, போனில் பேசிய ஒர்க்‌ஷாப் அண்ணன். "வண்டியைக் கொண்டு வாங்க, ஹெட்டைக் கழற்றிடலாம்" என்று அவர் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்போம். ஹெட்டைத் திறந்தால் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், பல என்ஜின்களில் ஹெட் போல்ட்டுகளையும் மாற்ற வேண்டும், வால்வுகள் திறந்து மூடும் டைமிங்கைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அத்தனையும் அவருக்கு வருமானம். அப்படியிருந்தும், "அது கடைசி வழி. முதல்ல துளை வழியாவே பாருங்க" என்றார். இந்த நேர்மையை நான் மறக்கவே மாட்டேன்.

காந்தக் குச்சியோடு ஓடி வந்த தம்பிக்கும் நன்றி. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. காந்தமோ சிலிண்டரின் இரும்பு உட்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கெல்லாம் அவன் சோர்ந்துவிடவில்லை. நண்பனிடமிருந்து மெல்லிய ஒயர் முனையில் இருக்கும் 5.5 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப் கேமராவை வாங்கி வந்தான். பிளக் துளை 14 மில்லிமீட்டர் என்பதால் கேமரா போனபின்னும் இன்னொரு மெல்லிய குழாய்க்கு இடம் இருந்தது. பிஸ்டன் தலையின் ஓரத்தில் ஸ்க்ரூ மினுங்கிக் கிடந்ததைப் போன் திரையில் பார்த்தபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

அப்புறம் பெரியவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிஸ்டன் ஆழத்தில் நின்றதால் ஸ்க்ரூ எட்டவில்லை. மற்ற பிளக்குகளையும் கழற்றி, வண்டியை நியூட்ரலில் போட்டு, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, என்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்பினார். அந்த நேரம் முழுக்க என் விரல் பிளக் துளையின் மேல். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் நேரம், இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஸ்க்ரூ வால்வுக்கடியில் போய் மாட்டாது என்று பொறுமையாக விளக்கினார். பிஸ்டன் பாதி தூரம் ஏறியதும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஒரு இழை நகர்த்தவும் விடவில்லை.

கடைசியில் ஸ்க்ரூவை வெளியே கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை. தன் வேக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை டேப் சுற்றி இறுக்கிக் கொடுத்தார். ஸ்க்ரூவின் தண்டு குழாய்க்குள் ஏற, தலை வாயில் மாட்டிக்கொண்டது. இடையில் ஒருமுறை நழுவி விழுந்தபோதும், "சரி, இன்னொரு தடவை" என்று மட்டும்தான் சொன்னார்.

எடுத்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று கேமராவில் பார்த்தோம். என்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று தெரிந்த பின்தான் பிளக்குகளை மாட்டினோம். இருட்டும்வரை டார்ச் பிடித்த பிள்ளைகளுக்கும் என் அன்பு.

வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. அக்கா கட்டிக்கொடுத்த குழாயைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்