ப்ராசசர் இப்போதா, பிறகா: மகளுக்கு ஒரு கடிதம்

அம்மாப்பேட்டை, சேலம்
மாசி, 2026

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். பணமும் உன்னுடையது, பிழைப்பும் உன்னுடையது என்பதால் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். உன் கணினிக்குப் புது ப்ராசசர் இப்போதே வாங்குவதா, அடுத்த தலைமுறை வரும்வரை பொறுப்பதா என்பதுதான் கேள்வி. உன் அத்தை மகன் பொறுக்கச் சொல்கிறான், புனேயில் உன்னோடு வேலை செய்யும் பெண் முழுக் கணினியையே மாற்றச் சொல்கிறாள். இருவர் சொல்வதிலும் பாதி சரி என்று எனக்குப் படுகிறது.

தறி நின்றுவிட்டால் இங்கே யாரும் எடுத்தவுடன் தறியைக் குறை சொல்வதில்லை. பாவில் இழை அறுந்ததா, நாடாவில் ஊடை தீர்ந்ததா, டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டை கோத்த கயிறு விட்டுப்போயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம். அதனால்தான் ரெண்டர், அதாவது நீ வரைந்ததைக் கணினி படமாக்கும் வேலை, ஓடும்போது டாஸ்க் மேனேஜரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீ அனுப்பிய படத்தில் ப்ராசசரின் வேலையைக் காட்டும் பன்னிரண்டு கட்டங்களும் விளிம்புவரை நிரம்பியிருந்தன; 32 ஜி.பி. மெமரியில் 19 மட்டுமே செலவாகியிருந்தது. டிஸ்க் சும்மா இருந்தது. நீ கட்டடக் காட்சிகளுக்குப் பயன்படுத்தும் கொரோனா ரெண்டரர் கிராபிக்ஸ் கார்டை நம்பாமல் ப்ராசசரிலேயே கணக்கிடுவது. ஆகவே உன் வேலையை இழுத்துப் பிடிப்பது ப்ராசசர்தான் என்பதில் சந்தேகம் இல்லை. மெமரி நிரம்பியிருந்தாலோ டிஸ்க் திணறியிருந்தாலோ இந்தக் கடிதத்தையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு நின்றுபோனதை ஒரு காரணமாகச் சொன்னாயே, அதை விட்டுவிடு. உன்னிடம் இருக்கும் ரைசன் 5 3600 ப்ராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருப்பதுதான்.

நான் காத்திருந்த கதை உனக்குத் தெரியாது, நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். 2000ஆம் ஆண்டு, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகச் சேலை முந்தானையை வரைந்து, அதைப் பார்த்து ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை என்று துளை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முந்தானைக்கு நூற்றுக்கணக்கில் அட்டை வரும்; ஒரு துளை தவறினால் மயிலின் கழுத்தில் வெள்ளைக் கோடு விழும். கணினியில் வரைந்தால் ஒரு வாரத்து வேலை ஒன்றரை நாளில் முடியும் என்று கண்ணால் பார்த்தும், "இன்னும் ஆறு மாதத்தில் விலை பாதியாகும்" என்று ஐந்து ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எட்டு மாதம் பொறுத்தேன். விலை குறையத்தான் செய்தது. அதற்குள் ஆடியில் தொடங்கும் தீபாவளி ஆர்டர், எனக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த இரண்டு மாஸ்டர் வீவர்களிடமிருந்து வேறொருவர் கைக்குப் போய்விட்டது. கணினி விலையில் நான் மிச்சம் பிடித்தது எட்டாயிரம் ரூபாய் இருக்கும். கைநழுவிய வேலை அதைவிடப் பல மடங்கு.

அந்த ஆத்திரத்தில் அடுத்த தவற்றையும் செய்தேன். 2001 தொடக்கத்தில், சந்தைக்கு அப்போதுதான் வந்திருந்த ப்ராசசர் எதுவோ அதையே கேட்டு வாங்கினேன். வேகம் உண்மையில் அபாரம். ஆனால் அதற்கென்று தனி வகை மெமரி. தகட்டுக் கவசம் போட்ட பட்டைகள், ஜோடி ஜோடியாகத்தான் செருக வேண்டும். காலியாக இருக்கும் துளைகளைக்கூட வெறுமனே விட முடியாது, சிப்பே இல்லாத பொய்ப் பட்டை ஒன்றை அதில் செருகி வைத்தால்தான் கணினி உயிர்பெறும். ஓராண்டு திரும்புவதற்குள் ப்ராசசரைச் செருகும் அந்தச் சாக்கெட்டையே மாற்றிவிட்டார்கள், சில ஆண்டுகளில் அந்த மெமரியும் வழக்கொழிந்தது. 2003இல் கூடுதலாக ஒரு ஜோடி தேடிச் சென்னை ரிச்சி தெருவரை போனேன். அங்கே சொன்ன விலையில், எல்லாவற்றையும் தாங்கும் பலகையான மதர்போர்டு புதிதாக ஒன்றும் சாதாரண மெமரியுமே வந்திருக்கும். வெறுங்கையோடு திரும்பினேன். காத்திருந்ததும் தவறு, காத்திருந்து வாங்கியதும் தவறு என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் ப்ராசசரைத் தனியாகப் பார்ப்பதில்லை. அது உட்காரும் இடத்தையும் பக்கத்தில் இருக்கும் மெமரியையும் சேர்த்தே விலை பேசுகிறேன். உன் நல்ல காலம், நீ உட்கார்ந்திருக்கும் இடம் நல்ல இடம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்ற உன் சாக்கெட்டில் முதல் ரைசன் ப்ராசசர் 2017 மார்ச்சில் வந்தது. 2024இலும் அதே சாக்கெட்டுக்கு ஏ.எம்.டி. புதுச் சில்லுகள் வெளியிட்டது. இவ்வளவு நீண்ட ஆயுள் எங்கள் காலத்தில் கேள்விப்படாதது. இன்டெல் பக்கம் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகள் ஒரே சாக்கெட்டில் ஓடின, 2024 அக்டோபரில் அது மாறிவிட்டது. உன் பி450 மதர்போர்டை வைத்துக்கொண்டே, மெமரியையும் மாற்றாமல், 3600ஐ எடுத்துவிட்டு எட்டு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி) உள்ள ரைசன் 7 5700எக்ஸ் போட முடியும். அதற்கு ஆகும் செலவு உன் ஒரு மாத வாடகையைத் தாண்டாது.

இதனால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு கோர் எட்டாகிறது (உன் படத்தில் கோர் ஒன்றுக்கு இரண்டு கட்டம்). அதோடு ஒவ்வொரு கோரும் ஒரே கடிகார வேகத்தில் சராசரியாக 19 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்பது, அந்தத் தலைமுறை வந்தபோது ஏ.எம்.டி. சொன்ன கணக்கு. தாளில் பெருக்கினால் உன் நாற்பது நிமிட ரெண்டர் இருபத்தைந்தில் முடிய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு வராது. இரண்டு ப்ராசசரும் 65 வாட் வகைதான், ஆறு பேர் உண்ட சோற்றை எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்குச் சற்றுக் குறையத்தானே செய்யும்? முப்பது நிமிடத்துக்குள் முடியும் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு எட்டுப் படம் எடுக்கிறாய் என்றால் எண்பது நிமிடம் உன் கைக்குத் திரும்பி வருகிறது. அடுத்த தலைமுறைக்காக எட்டு மாதம் பொறுத்தால் இந்த எண்பது நிமிடத்தை ஒவ்வொரு நாளும் கட்டணமாகக் கட்டிக்கொண்டிருப்பாய். அத்தை மகனுக்கு இந்தக் கணக்கு தெரியாது; அவன் விளையாடத்தான் கணினி வைத்திருக்கிறான், அவனுடைய காத்திருப்புக்குக் கூலி இல்லை.

அப்படியானால் புனேத் தோழி சொல்வதுபோல முழுக் கணினியையும் மாற்றி, அடுத்த சாக்கெட்டான ஏ.எம்.5க்கே போய்விடலாமே என்று கேட்பாய். அது ப்ராசசரோடு நிற்காது. மதர்போர்டு புதிது, மெமரியும் டி.டி.ஆர்.5 என்ற வேறு வகை. இந்த மெமரிதான் இப்போது தீயாய்ச் சுடுகிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்வதால் 2025இன் கடைசி மாதங்களில் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பெயரில் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. கணினிச் சாமான் என்றால் நாள் போகப் போக விலை இறங்கும் என்று நான் நம்பிவந்ததற்கு இது நேர் எதிர். இந்த நேரத்தில் 64 ஜி.பி. டி.டி.ஆர்.5 வாங்குவது, வெள்ளி விலை உச்சியில் நிற்கும்போது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குச் சொல்வது போன்றது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டவர்கள் வேறு வழியின்றி வாங்குவார்கள், உனக்கு அப்படி ஒரு முகூர்த்த நாள் குறிக்கப்படவில்லை.

ஆகவே பெரிய மாற்றத்துக்கு மட்டும் பொறு. அந்தப் பொறுமைக்கு இழப்பும் இல்லை, ஏனென்றால் ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்வதாக ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது, இரண்டு ஆண்டு கழித்துப் போனாலும் நீ கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவளாக மாட்டாய். நாங்கள் கணினி வாங்கிய நாளில் ஆண்டு ஒன்று பொறுத்தால் கிடைப்பதே வேறாக இருந்தது. இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் 1965இல் ஒரு சில்லில் அடங்கும் நுண் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்றார், 1975இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று திருத்தினார். அந்த இரட்டிப்பு நேராக வேகமாகவே நம் மேசைக்கு வந்த காலம் அது. இன்று ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் கோர் ஒன்றுக்குப் பத்து, பதினைந்து சதவீதம் கூடினாலே விழா எடுக்கிறார்கள். 2024இல் வந்த ரைசன் 9000க்கு ஏ.எம்.டி. சொன்னது 16 சதவீதம்.

இன்னொன்று, வந்த சூட்டோடு வாங்குவதில் எனக்கு விருப்பமே இல்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் நாளடைவில் கணினி நிலைகுலைந்ததும், 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் என்ற சில்லின் உள்கட்டளைக்குத் திருத்தம் கொடுத்து உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்ததும் உனக்கே தெரியும். 5700எக்ஸ் 2022இல் வந்தது. நான்கு ஆண்டு பலர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள், அதன் குணமும் குற்றமும் வெளிச்சத்தில் இருக்கின்றன.

வாங்கும்போது பெட்டியில் அடைத்து முத்திரையிட்டதையே வாங்கு. 'ட்ரே' என்று சொல்லி வெறும் சில்லை மலிவாக நீட்டுவார்கள். பிறகு உத்தரவாதத்துக்கு யாரிடம் போய் நிற்பது? பில்லில் உன் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல், 18 சதவீதம் உள்ளீட்டு வரியாகத் திரும்ப வரும். 5700எக்ஸ் பெட்டியில், சூட்டைத் தணிக்கும் கூலர் இருக்காது. 3600உடன் வந்த சிறிய கூலரை அதன்மேல் வைத்தாலும் ஓடும், ஆனால் மணிக்கணக்கில் ரெண்டர் போடும் உனக்கு அது போதாது, நிமிர்ந்து நிற்கும் டவர் வகைக் கூலர் ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொள்.

மாற்றும் நாளில் வரிசை தப்பக் கூடாது. பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் மதர்போர்டின் உள் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டும்; பழைய பயாஸுக்குப் புது ப்ராசசரை அடையாளம் தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். உன் மதர்போர்டின் சரியான பெயரைப் பலகையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு, அந்த நிறுவனத்தின் தளத்தில் 5700எக்ஸ் எந்தப் பதிப்பிலிருந்து ஏற்கப்படுகிறது என்று சரிபார். யு.பி.எஸ். இணைக்காமல் அந்த வேலையைத் தொடாதே, பாதியில் மின்சாரம் போனால் பலகையே போய்விடும்.

அதன்பின் கூலரைக் கழற்றுவது. இதை நிதானமாகப் படி. கணினியில் பத்து நிமிடம் ரெண்டர் ஓட்டிச் சூடேற்றி, பிறகு நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திருகுகளைக் கழற்று. கூலரை நேராகத் தூக்காதே. ஜாடி மூடியைத் திருகுவதுபோல் இடமும் வலமும் மெல்ல அசைத்து, கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவே பூசிய பசை விட்ட பிறகே எடு. நேராகத் தூக்கினால் சாக்கெட் பூட்டியிருந்தாலும் ப்ராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்துவிடும். ஏ.எம்.4இல் 1331 ஊசிக்கால்களும் ப்ராசசரின் அடியிலேயே இருக்கின்றன. போன ஆண்டு என் கணினியைத் தூசு தட்டும்போது எனக்கு அப்படித்தான் நேர்ந்தது, நான்கு கால் சாய்ந்துவிட்டது. லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் மூக்கை ஒவ்வொரு காலிலும் மாட்டி, பக்கத்து வரிசையோடு ஒத்துப் பார்த்து நிமிர்த்த இரண்டு மணி நேரம் ஆயிற்று. அட்டையில் துளை அடித்துப் பழகிய கை என்பதால் தப்பியது. உனக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

கழற்றிய 3600ஐ விற்றுவிடாதே. என் மேசையில் இருப்பது 2017இன் ரைசன் 3 1200, அதுவும் ஏ.எம்.4தான், நான்கே கோர். உன் பழையது எனக்குப் புதியது. இங்கே பயாஸை நான் முன்னதாகவே புதுப்பித்து வைத்துவிடுகிறேன். புது ப்ராசசர் வரும் பிளாஸ்டிக் உறையில் பழையதை, கால்கள் எதிலும் படாமல் வைத்து மூடி, அட்டைப்பெட்டியில் பஞ்சு அடைத்துக் கூரியரில் அனுப்பு. மாஸ்டர் வீவர் ஒருவர் வெண்பட்டு வேட்டிக் கரைக்குப் புது டிசைன் கேட்டிருக்கிறார். பங்குனிக்குள் வந்துவிட்டால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா