ஒரே ஒரு ரிவெர்ப் வாங்குவதென்றால்

அன்புள்ள முரளி,

கடிதமும், கூடவே அனுப்பியிருந்த பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா டிராக்குகளும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் வர்ணத்துக்கு வந்துவிட்டாள், வீட்டில் நாள் முழுக்க வயலின்தான். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், நல்ல செய்தி.

இனி உன் ரிவெர்ப் விஷயம், அதாவது பதிந்த ஒலிக்கு மண்டபத்தின் எதிரொலியைச் சேர்க்கும் மென்பொருள். நீளமாக ஒரு பட்டியல் போட்டு, எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி ஒன்று சொல் என்கிறாய். முதலில் ப்ரீசெட் (தயாராக வைத்திருக்கும் அமைப்பு) எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவதை விடு. முந்நூறு ப்ரீசெட் இருந்தாலும் உள்ளே ஓடுவது ஐந்தாறு அல்காரிதம், அதாவது கணக்கு முறை, மட்டும்தான். எந்தக் குமிழ்கள் தனித்தனியாகக் கைக்குக் கிடைக்கின்றன என்று பார்.

பழைய தகடு ரிவெர்பை மட்டும் நகலெடுத்தவற்றைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடலாம். மூல இயந்திரமான இ.எம்.டி. 140, 1957-இல் ஜெர்மனியில் வந்தது. பெரிய எஃகுத் தகடு ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதிரவைப்பார்கள். குரலுக்கு அது அழகுதான். ஆனால் தட்டியவுடனே தகடு அடர்த்தியாக ஒலிக்கும். அறைச் சுவரில் பட்டு முதலில் வந்து சேரும் தனித்தனிப் பிரதிபலிப்புகள் அதில் கிடையாது. பாடகர் அருகில் இருக்கிறாரா, தள்ளி இருக்கிறாரா என்று காதுக்குச் சொல்வது அவைதான்.

உண்மை மண்டபத்தின் பதிவை வைத்து வேலை செய்யும் கன்வல்யூஷன் வகைக்கும் காசு போடாதே. மோசம் என்று சொல்லவில்லை. உண்மையான மண்டபத்தில் ஸ்வீப் ஒலி (கீழிருந்து மேலே ஏறும் ஒலி) ஓடவிட்டுப் பதிந்து எடுத்த இம்பல்ஸ் கோப்பு, அந்த இடத்தை அப்படியே கொண்டுவரும். ஆனால் அது அசையாத படம். வாலை, அதாவது எதிரொலி மங்கி அடங்கும் பகுதியை, குறைத்தால் சரியாக இருக்கும், நீட்டினால் போலித்தனம் தெரியும். அதோடு, நீ வேலை செய்கிற ரீப்பர் மென்பொருளிலேயே ரியாவெர்ப் இருக்கிறது, அது கன்வல்யூஷன்தான். பிடித்த மண்டபத்தின் இம்பல்ஸ் கிடைத்தால் அதில் ஏற்றிக்கொள்.

ஆக, வாங்க வேண்டியது அல்காரிதம் வகை. 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஷ்ரோடர் தொடங்கிவைத்த வழி அது. தாமதக் கோடுகளை ஒன்றுக்குள் ஒன்று சுழலவிட்டு எதிரொலியைப் பெருக்குவது. தாமதங்கள் மாறாமல் நின்றால் வால் தகரம் போல ரீங்கரிக்கும். அதை மறைக்கத் தாமதங்களை லேசாக ஆட்டுவார்கள். 1978-இல் வந்த லெக்சிகன் 224-இன் புகழில் அந்த ஆட்டத்துக்கும் பங்கு உண்டு. நமக்குச் சிக்கல் வருவதும் அங்கேதான். தாமதம் ஆடினால் சுருதியும் ஆடும். கிடார், சின்த் போடுகிறவனுக்கு அது ருசி. தம்புராவின் மேல் நிற்கும் பாட்டுக்கு விஷம். இந்த ஆட்டத்துக்குப் பெயர்தான் மாடுலேஷன்; அதன் அளவைச் சுழியம் வரை இறக்க முடியாத ரிவெர்பை, எவ்வளவு பேர் புகழ்ந்தாலும், எடுக்காதே.

சோதிக்கும்போது மிக்ஸ் குமிழ் 100 சதவீதம் 'வெட்' (wet, ரிவெர்ப் ஒலி மட்டும்) பக்கம் இருக்கட்டும், அசல் ஒலி கலக்கவே கூடாது. ஒப்பிடும் இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். ஒன்று 1 டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும்.

மிருதங்கத்தில் தனியாக விழும் ஒரு சாப்பு அடியை வெட்டி எடுத்து, டிகேயை (வால் அடங்க ஆகும் நேரம்) 4 நொடியில் வைத்து ஓடவிடு. வால் மங்கும் கடைசி ஒரு நொடியைக் கேள். ஒரே ஒரு சுரம் மட்டும் ஒட்டிக்கொண்டு ரீங்கரித்தாலோ, படபடவென்று துடித்தாலோ அதைத் தள்ளிவிடு. பிறகு டிகேயை 0.4 நொடிக்கு இறக்கு. நீண்ட மண்டபத்தில் ஜாலம் காட்டுகிற பலதும் இந்தச் சின்ன அறையில் டப்பாவுக்குள் தட்டினாற்போல ஆகிவிடும், ஏனென்றால் அடர்த்தி சேர அவகாசமே இல்லை. எல்லாவற்றுக்கும் ஆகிறதா என்பது இங்கேதான் தெரியும். அடுத்து, மாடுலேஷனைச் சுழியத்தில் வைத்து தம்புராவை அனுப்பி, ஆதார ஸட்ஜம் அசையாமல் நிற்கிறதா என்று பார். கடைசியாக மானோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி, கேள். அகலம் காட்டுகிற ரிவெர்ப் சில, மானோவில் பாதி காணாமல் போகும். கைபேசியில் கேட்கிறவர்கள்தானே அதிகம்.

என் தேர்வு வால்ஹல்லா ரூம். விலை 50 டாலர். முதல் பிரதிபலிப்பையும் வாலையும் தனித்தனியாக அமைக்கலாம். இரண்டும் எவ்வளவு என்பதற்கு டெப்த் என்று ஒரே நகர்த்தி. கீழ்ஸ்தாயி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், மேல்ஸ்தாயி எவ்வளவு நேரம் என்பதற்கும் வேறு வேறு பெருக்கிகள். அதே கம்பெனியின் வின்டேஜ்வெர்புக்குப் பெயர் அதிகம், சினிமாப் பாட்டுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அதன் அழகே அந்தக் கால இயந்திரங்களின் கறையும் ஆட்டமும்தான். கை தாராளமாக இருந்தால் ஃபேப்ஃபில்டர் ப்ரோ-ஆர் 2 பார். எந்த அதிர்வெண் எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்று கோடாகவே வரையலாம். இப்போதைக்குக் காசே வேண்டாம் என்றால் டிராகன்ஃபிளை: ரூம், ஹால், பிளேட் எல்லாம் தனித்தனி பிளகின், இலவசம், லினக்ஸிலும் ஓடும். நான் நீயாக இருந்தால் அதில் கையைப் பழக்கிவிட்டுப் பிறகே பணம் கட்டுவேன்.

வாங்கியதும் ஒவ்வொரு டிராக்கிலும் போடாதே. மற்ற டிராக்குகள் பகிர்ந்துகொள்ளும் ஆக்ஸ் டிராக் ஒன்று, அதில் ரிவெர்ப், மிக்ஸ் 100. மற்ற டிராக்குகளிலிருந்து அதற்கு ஒலி போவது போஸ்ட்-ஃபேடர் சென்டில், அதாவது உரப்பு நகர்த்திக்குப் பின்னாலிருந்து. ப்ரீ-ஃபேடரில் விட்டால், குரலைக் குறைத்த பிறகும் ரிவெர்ப் மட்டும் ஆவி போலக் கேட்கும். மிக்ஸ் 100-க்குக் கீழே இருந்தால் அசல் ஒலி இரண்டு தரம் சேர்ந்து உரப்பு ஏறிவிடும்.

குரலுக்கு டிகே 1.4 முதல் 1.8 நொடி போதும். ராகம் நெளிந்துகொண்டே போகிறது; 3 நொடி வைத்தால் பாடகர் காந்தாரத்துக்குப் போன பிறகும் ரிஷபம் பின்னால் தொங்கும், பிருகா எல்லாம் கூழ். ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 முதல் 50 மில்லிநொடி: சொல் தெளிவாக முன்னால் வந்துவிடும், மண்டபம் பிறகு தொடரும். தாளத்தோடு ஒட்ட வேண்டுமானால் 60,000-ஐ வேகத்தால் வகு. 90 பி.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 90 அடி) ஒரு அடி 667 மில்லிநொடி. அதில் பதினாறில் ஒரு பங்கு 42. ஆலாபனையில் இந்தக் கணக்கு செல்லாது, காதுதான்.

ரிவெர்புக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது). அபே ரோடு ஸ்டுடியோவின் பழைய வழக்கம் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுவது. ஆண் குரலுக்கு 600 அதிகம், 250-இல் தொடங்கு. உன் டிராக்கில் 'ஸ', 'ஷ' இரண்டும் குத்துகின்றன. ஆக்ஸில் ரிவெர்புக்கு முன்பாக டீ-எஸ்ஸர் (சீறலை அடக்கும் கருவி) போடு. அசல் குரலை அது தொடாது, வாலில் வரும் சீறல் மட்டும் அடங்கும்.

மிருதங்கத்துக்கு இதே அறை, சென்ட் மட்டும் குறைவு. இடப்பக்கத் தொப்பியின் கும்கி நாதம் வாலோடு சேர்ந்தால் மொத்த மிக்ஸும் குழம்பும். பாஸ் (கீழ்ஸ்தாயி) பெருக்கியை 0.5 பக்கம் இறக்கு. வயலினுக்குக் குரலைவிட ஒரு சிட்டிகை கூட வை, அரையடி பின்னால் நகர்ந்து உட்காரும். தம்புராவுக்கு ஒன்றும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சொல் மறைந்தால், ரிவெர்ப் வரும் டிராக்கில் கம்ப்ரஸர் (உரப்பை அமுக்கும் கருவி) போட்டு, குரலை சைட்செயினாக, அதாவது அதை இயக்கும் சைகையாக, கொடு. பாடும்போது 3 டெசிபல் அமுங்கி, வரி முடிந்ததும் 200 மில்லிநொடியில் எழும்பினால் போதும்.

முடிந்ததும் ரிவெர்ப் டிராக்கைத் தனியாகவும், முழு மிக்ஸைத் தனியாகவும் 24 பிட் வேவ் கோப்பாக அனுப்பு. எம்பி3 வேண்டாம், வாலின் நுனியைத்தான் அது முதலில் தின்னும். அம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்.

அன்புடன்,
ராகவன்