எரிமலை வெடித்தால் வேலூர் குளிருமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் பேப்பரில் வந்த எரிமலைச் செய்தியைக் காட்பாடி டீக்கடையில் படித்த ஒருவர், கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு வெடிச்சா நம்ம ஊர் வெயிலாவது குறையும்" என்றார். சிரித்தோம். ஆனால் முழுக்கத் தப்பில்லை. 1991-ல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோது உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது, அதுவும் ஓரிரு வருடம்தான்.

சாம்பல் சூரியனை மறைக்கும் என்று மட்டும் போட்டிருந்தீர்கள். சாம்பல் சீக்கிரமே கீழே இறங்கிவிடும். உண்மையான வேலையைச் செய்வது கந்தக டை ஆக்சைடு, அது மழை மேகத்துக்கும் மேலே போய், நீராவியோடு சேர்ந்து அமிலத் துளிகளாகி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கழுவிவிட அங்கே மழையும் கிடையாது. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்து, மறுவருடம் அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி கொட்டியது, ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. இந்தக் குளிர்ச்சி நமக்கு வேண்டாம் சாமி!

அப்புறம், சுமார் 74,000 வருடத்துக்கு முன் சுமத்ராவில் வெடித்த தோபாவின் சாம்பல், பக்கத்து ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்னும் மண்ணுக்குள் அடுக்காகக் கிடக்கிறது. அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தோடு போடுங்களேன்.

ஒரு வாசகர், காட்பாடி